வரும் அஞ்சலும் போகும் அஞ்சலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவருக்குச் செயலாளர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்திருப்பதாகவும், போனில் பேச முடியவில்லை என்றும், இருபதாயிரம் ரூபாய் அனுப்பினால் இரண்டு நாளில் திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தது. அடியில், "இந்த அஞ்சல் சோதிக்கப்பட்டது, வைரஸ் இல்லை" என்று பச்சை எழுத்தில் ஒரு வரி. பெரியவர் பணத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போன் செய்தபோது செயலாளர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. உறுப்பினர்கள் அனைவரும் கம்ப்யூட்டரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்டு, வரும் அஞ்சல், போகும் அஞ்சல் இரண்டையும் சோதிக்கும்படி அமைக்க வேண்டும்; சோதித்த செய்தியை ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் சேர்க்க வேண்டும் என்றார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆனால் அதில் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து.

அஞ்சலைச் சோதிக்கும் வழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. 1999 மார்ச்சில் 'மெலிசா' என்ற வைரஸ் ஒரு வேர்ட் கோப்பாக வந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' அதற்கும் ஒரு படி மேலே போய், முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் போயிற்று. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்பு, பார்வைக்குச் சாதாரண எழுத்துக் கோப்பு போல இருந்தது. அது ஒரு புரோகிராம் என்று காட்டிக்கொடுக்கும் கடைசி மூன்றெழுத்தான 'விபிஎஸ்' என்பதை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதமாயிற்றே என்று எல்லோரும் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அஞ்சல் வரும் வழியிலும் போகும் வழியிலும் காவல் போட்டது நியாயமே.

முதலில் வரும் அஞ்சலைப் பார்ப்போம். வைரஸ் தடுப்பு மென்பொருளில் எப்போதும் விழித்திருக்கும் காவல் ஒன்று உண்டு. எந்தக் கோப்பைச் சேமித்தாலும் திறந்தாலும் அது பார்த்துவிடும். அஞ்சலில் வந்த இணைப்பும் அதன் கண்ணுக்குத் தப்பாது. பின் அஞ்சலுக்கென்று தனிச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் புரோகிராம்கள் வழக்கமாக ஒரு பெட்டியில் உள்ள கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பாக வைத்திருக்கும். ஐநூறு கடிதங்களில் ஒன்றில் வைரஸ் இருந்தாலும், விழித்திருக்கும் காவல் அந்த முழுக் கோப்பையுமே தூக்கிச் சிறையில் வைத்துவிடக்கூடும். சங்கத்தின் கடிதப் போக்குவரத்தை நான் கவனித்துவந்த நாட்களில் ஒரு காலை பெட்டியைத் திறந்தால் காலி. நாடக விழாக் கடிதங்கள், நன்கொடையாளர் முகவரிகள், ஊரிலிருந்து எழுதிய எழுத்தாளர்களின் பதில்கள் எல்லாம் போயின. திரும்பக் கிடைத்தது பாதிகூட இல்லை. அதனால்தான், ஒவ்வொரு கடிதமும் பெட்டிக்குள் விழுமுன்பே தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும் என்கிறேன். தண்டர்பேர்டின் அமைப்புகளிலேயே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கடிதத்தைத் தற்காலிகக் கோப்பாகத் தனியே வைத்துக் காவலிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் சேர்க்கும்.

ஜிமெயிலை ப்ரௌசரில் படிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இணைப்புகளை அங்குள்ள சர்வரே சோதிக்கிறது. இயங்கக்கூடிய எக்ஸி கோப்புகளை ஏற்பதே இல்லை.

இனிப் போகும் அஞ்சல். நம் வீட்டு ஜுரம் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நல்ல பண்பு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தபோது திருடனை அடையாளம் தெரியாத காவலாளி, அவன் வெளியே போகும்போது மட்டும் எப்படிப் பிடிப்பான்? இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே மென்பொருள், ஒரே வைரஸ் பட்டியல். நேற்று அதற்குத் தெரியாத வைரஸ் இன்று தெரிந்துவிட்டது என்றாலும், கோப்பைக் கடிதத்தோடு இணைக்கும்போதே விழித்திருக்கும் காவல் பார்த்துவிடும்.

2004 ஜனவரியில் பரவிய 'மைடூம்' போன்றவை அஞ்சல் அனுப்பும் கருவியைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நாம் அறியாமல் கடிதம் அனுப்பின. அப்போது வாசலில் நின்ற காவலுக்கு ஓரளவு பயன் இருந்தது. ஆனால் 2014-இல் தலைகாட்டிய 'எமோடெட்' பின்னாட்களில் வேறு வழி கண்டது. ஒருவரின் பழைய கடிதங்களைத் திருடி, அவற்றுக்குப் பதில் எழுதுவது போல வேறெங்கோ உள்ள கம்ப்யூட்டரிலிருந்து அவர் பெயரில் அனுப்பியது. நம் வீட்டு வாசல் வழியாகவே போகாத கடிதத்தை நம் வீட்டுக் காவல் எப்படித் தடுக்கும்?

இன்னொன்றும் உண்டு. நமக்கும் சர்வருக்கும் இடையே இன்று அஞ்சல் பெரும்பாலும் பூட்டிய உறையில் போகிறது. அதை வழியில் சோதிக்க வேண்டுமானால், மென்பொருள் தன் சான்றிதழ் ஒன்றைக் கம்ப்யூட்டரில் பதித்துவிட்டு, நடுவில் நின்று உறையைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்ட வேண்டும். சிறிய லாபத்துக்கு அது பெரிய விலை.

அலுவலகங்களின் சர்வர் விஷயம் வேறு. அங்கே இரு வழியும் சோதிப்பது அவசியம். ஒரே மேஜையிலிருந்து திடீரென்று நூறு கடிதம் கிளம்பினால் எந்தக் கம்ப்யூட்டருக்கு நோய் என்று உடனே தெரியும். நான் வேண்டாம் என்பது வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டுமே.

கடைசியாக அந்தப் பச்சை வரி. அதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். எந்த மென்பொருளும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அதைக் கையால் தட்டெழுதலாம். பெரியவருக்கு வந்த கடிதத்தில் இணைப்பும் இல்லை, வைரஸும் இல்லை. அந்த வரி சொன்னது உண்மைதான். பொய் கடிதத்தில் இருந்தது. பொய்யைச் சோதிக்க எந்த மென்பொருளும் முழுதாகப் போதாது. சங்கக் கடிதங்களில் அந்த வரியை நாமே சேர்க்கத் தொடங்கினால், அதைப் பார்த்து நம்பும்படி உறுப்பினர்களை நாமே பழக்கியவர்கள் ஆவோம்.

ஆகவே தீர்மானத்தைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும் அஞ்சலைப் பெட்டியில் சேருமுன் ஒருமுறை சோதிப்போம். போகும் அஞ்சலுக்கு வீட்டில் சோதனை வேண்டாம். முத்திரை வரி வேண்டவே வேண்டாம். பூட்டிய ஜிப் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் ஒரே கடிதத்தில் வந்தால் திறக்க வேண்டாம். பூட்டிய கோப்புக்குள் காவலால் பார்க்க முடியாது. பணம் கேட்டு யார் பெயரில் கடிதம் வந்தாலும், உங்கள் கையேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கடிதத்தில் தரப்பட்ட எண்ணில் அல்ல. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

பெரியவர் மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஊரை விட்டு வந்து வாழும் நாம் ஒருவரையொருவர் நம்பித்தான் இந்தச் சங்கத்தை நடத்துகிறோம். சக உறுப்பினர் ஆபத்தில் இருக்கிறார் என்றதும் யோசிக்காமல் கொடுத்தது அவர் குற்றமல்ல. கொடுக்கும் முன் ஒரு போன் செய்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைச் சங்கம் சொல்லிக் கொடுக்கட்டும்.