தூண்டிலும் அருளும்

தூண்டிலிற் பிடித்த மீனை உயிருடன் மீண்டும் ஆற்றில் விடுதல் அருட்செயல் என்பர். கடுங்கோடையில் அஃது அருளாகுமா? நீர் வெப்பமுறுந்தோறும் அதிற் கரைந்துள்ள உயிர்வளி குறையும்; குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனுக்கோ உயிர்வளித் தேவை மிகும். அந்நிலையில் தூண்டிலிற் சிக்கிப் போராடிக் களைத்த மீன், நீந்திச் சென்றாலும் பின்னர் மடிதல் கூடும்; விட்டவர் அதனைக் காண்பதில்லை.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், ஆற்றுநீரின் வெப்பம் தொடர்ந்து 3 நாள் ஏறத்தாழ 23 பாகை சென்டிகிரேடு அளவை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிப்பதைத் தடை செய்வதுண்டு. பசிக்காகப் பிடிப்பவர் நிலை வேறு. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர், தடை வருமுன்னரே தூண்டிலைச் சுருட்டி வைத்தலே அறம். விடுவது மட்டும் அருளன்று. விட்ட உயிர் பிழைக்க வழி செய்வதே அருள்.