லீவு வருமான்னு கேட்கிற பிள்ளைக்கு மழையைப் படிக்கச் சொல்லித் தரலாமே



சென்னை வானிலை மையத்தில் இருந்த ரமணன் அய்யா ஞாபகம் இருக்குங்களா? 2016-ல் ஓய்வு பெற்றார். அவர் டிவியில் வந்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவர் சொன்னது மழை. பிள்ளைகள் காதில் விழுந்தது லீவு. இன்னைக்கும் அதே கதைதான். ஃபோனில் 'கோவைக்கு ஆரஞ்சு அலர்ட்'னு வந்தா என் பேத்தி கேட்கிற ஒரே கேள்வி, "அப்புச்சி, நாளைக்கு லீவுங்களா?"

அது பிள்ளைகள் குத்தமில்லைங்க. அதுக்கு மேல கேட்க நாம பழக்கலை. வானிலை அறிக்கையை எப்படிப் படிக்கறதுன்னு மூணாம் வகுப்பிலேயே சொல்லித் தரணும்கிறது என் கருத்து. எங்க ஊர் மாதிரி ஊர்களில் பல வீடுகளில் பெரியவங்களுக்கு ஃபோனைப் படிச்சுச் சொல்றது பிள்ளைகள்தான். வெங்காயத்தைப் பிடுங்கலாமா, மருந்து அடிக்கலாமா, உரம் போடலாமாங்கிற முடிவு அந்தப் பிள்ளை படிக்கிற ரெண்டு வரியில் நிற்குது. மருந்து அடிச்ச ஒரு மணி நேரத்தில் மழை வந்தா காசு வாய்க்காலோட போச்சு. வராத மழைக்குப் பயந்து ஆள் விட்டு அறுத்தா கூலி தண்டம்.

சொல்லித் தர வேண்டியது நாலே விஷயம்.

முதல்ல, எங்கே? ஜூன், ஜூலையில் அறிக்கையை முழுசாப் படிச்சா 'கோயம்புத்தூர் மாவட்ட மலைப்பகுதிகள்'னு இருக்கும். அது வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம். அங்கே கொட்டும்போது மதுக்கரையில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதான் அடிக்கும், மிஞ்சினா சாரல். ரெண்டும் ஒரே மாவட்டம். 'மலைப்பகுதிகள்'ங்கிற ஒத்தை வார்த்தையை விட்டுட்டுப் படிச்சா அர்த்தமே மாறிப் போகுது.

ரெண்டாவது, எத்தனை இடத்தில்? 'ஓரிரு இடங்களில்'னா அந்தப் பகுதியில் கால்வாசிக்கு மேற்படாத இடங்களில்னு கணக்கு. எட்டிமடையில் பெய்ஞ்சு எங்க காட்டில் பெய்யலைன்னா அறிக்கை பொய்யில்லை.

மூணாவது, எவ்வளவு? 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டாத்தான் கனமழை. 115.6-ல் இருந்து மிகக் கனமழை. 204.4-க்கு மேல போனா அதிகனமழை. நிறங்கள் வேற கணக்கு. மஞ்சள்னா கவனிச்சுட்டே இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா உடனே செய்ய வேண்டியதைச் செய். அது நாம என்ன பண்ணணும்னு சொல்ற நிறம்.

நாலாவதுதான் கஷ்டம்: வாய்ப்பு. ஃபோனில் 30 சதவீதம்னு இருந்தா, அந்த மாதிரி பத்து நாளில் ஏறக்குறைய மூணு நாள் பெய்யும்னு அர்த்தம். மழை வராதுன்னு அர்த்தமில்லை. இதை வாயில் சொன்னாப் பிள்ளைக்குப் புரியாதுங்க. காலண்டரில் குறிச்சுப் பார்க்க வைக்கணும்.

அதுக்கு ஒரு மழைமானி வேணும். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே அகலமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். அடி வளைஞ்ச பாட்டிலா இருந்தா கூழாங்கல் போட்டு, வளைவு மறையற வரைக்கும் தண்ணி ஊத்தி, அங்கே பூஜ்ஜியம்னு கோடு போட்டுக்கணும். மரம், கூரை மறைக்காத இடத்தில் வைக்கணும். வானிலைத் துறை தினமும் காலை 8.30-க்குத்தான் அளக்குது. பிள்ளைகளும் பள்ளிக்கூடம் கிளம்பற அந்த நேரத்திலேயே அளக்கட்டும். நேத்து சொன்னது ஒரு கட்டத்தில், இன்னைக்கு அளந்தது பக்கத்துக் கட்டத்தில். ஒரு மில்லிமீட்டர்னா சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,000 லிட்டருக்கு மேல. பெருக்கல் கணக்கும் அதிலேயே வந்துடும்.

"அதான் ஆப் இருக்கே, மேகப்படம் போட்டே காட்டுதே"ன்னு நீங்க கேட்கலாம். ஆப் நல்லதுதான். மேக்தூத் இருக்கு, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் வட்டார அளவிலேயே முன்னறிவிப்பு தருது. ஆனா படம் எங்க தோட்டத்தைப் பார்த்துப் போட்டதில்லைங்க. "அவங்க சொல்றது என்னைக்குப் பலிச்சுது?"ன்னு சொல்ற பெரியவங்களும் உண்டு. பத்து நாள் எழுதி வெச்ச பிள்ளை கிட்ட கேளுங்க, எத்தனை நாள் பலிச்சுதுன்னு கணக்கோட சொல்லும்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் இது வேணும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அளவுக் கணக்கில் அதுவும் அதிகனமழைதான். 21 சென்டிமீட்டருக்கும் அதே பேர்தான், 95-க்கும் அதே பேர்தான். தன் தெருவில் 20 மில்லிமீட்டர் எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது அளந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த 950 மில்லிமீட்டர் உறைக்கும். அந்தப் பிள்ளை வாட்ஸ்ஆப்பில் வர்ற எல்லா 'புயல் எச்சரிக்கை'யையும் நம்பாது. நிஜமான எச்சரிக்கையைத் தள்ளியும் விடாது.

வாளையார் தாண்டினா கேரளா. அங்கே புவியியல் பாடம் இருக்கிற மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையமே வெச்சு, மாணவர்களை அளக்க விடறாங்க. நம்ம ஊரில் அந்தளவு செலவு செய்ய வேண்டாம். தொடக்கப் பள்ளிக்கு ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், சுவரில் ஒரு அட்டவணை. டீச்சருக்குத் தினம் அஞ்சு நிமிஷம்.

பள்ளிக்கூடம் செய்யற வரைக்கும் காத்திருக்க வேண்டாமுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி உங்க மொட்டை மாடியில் ஒரு டப்பாவை வைங்க. அளவைப் பிள்ளையே எழுதட்டும், நீங்க எழுதாதீங்க.