ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு ராட்சத பரங்கிக்காய்

ஒரே ஒரு பரங்கிக்காய்க்காக ஆறு மாதம் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்களா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறார்கள்! டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் 6,000 அடியையும் தாண்டும். அங்கே வீட்டுக் கொல்லையில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள காய்களை வளர்க்கிறார்கள்.

"உலக சாதனையை எட்ட முடியாத ஊரில் எதற்கு இந்த வீண் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அளவுகோலே தப்பு.

முதலில் கஷ்டத்தைப் பார்ப்போம். போட்டிக்கு வளர்ப்பது 'அட்லாண்டிக் ஜயன்ட்' ரகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கியது. நன்றாக வளரும் நாட்களில் தினமும் 15, 20 கிலோ கூட ஏறும். அதற்கு நீண்ட கோடையும் வெதுவெதுப்பான இரவும் வேண்டும். உயரத்தில் இரண்டுமே குறைவு. மே மாதம் பாதி வரை உறைபனி பயம். கோடையிலும் ராத்திரி குளிர்ந்துவிடும். வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும் இலையைக் கருக்கும். அதனால் ஏப்ரலில் வீட்டுக்குள் விதை போட்டு, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நட்டு, காய்க்கு மேலே நிழல் துணி கட்டுகிறார்கள்.

எல்லாம் செய்தாலும் ஆலங்கட்டி மழை இருக்கிறதே! 2017 மே 8 அன்று டென்வர் பகுதியில் பெய்த ஒரே ஆலங்கட்டி மழையில் காப்பீட்டு இழப்பு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். கார் கண்ணாடியே தாங்காதபோது பரங்கி இலை எம்மாத்திரம்? காயில் உள்கூடு வரை வெடிப்பு விழுந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆறு மாத உழைப்புக்கு மதிப்பு பூஜ்யம்.

இப்போது சாதனைகளைப் பாருங்கள். 2023இல் மினசோட்டாவின் டிராவிஸ் கீங்கர் 2,749 பவுண்டு. பரிசு 30,000 டாலர். 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் 2,819 பவுண்டு. அவர்கள் வளர்த்தது கடலோரத்து லிமிங்டனில், கிரீன்ஹவுசுக்குள். இதையும் கொலராடோ கொல்லையையும் ஒரே பட்டியலில் வைத்து "நீ தோற்றுவிட்டாய்" என்பது என்ன கணக்கு?

வணிகவியலில் முதல் வருடமே சொல்லித் தரும் பாடம்தான். முதலீடும் சூழ்நிலையும் வேறான இரண்டு நிறுவனங்களின் லாபத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. அதே நிறுவனத்தின் போன வருடக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

அதற்காக, மலை ஊர்க்காரர்களுக்குச் சலுகை மார்க் போடச் சொல்லவில்லை. தராசு எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்; இல்லையென்றால் போட்டிக்கே மரியாதை போய்விடும். மாநில சாதனை என்று தனிப் பட்டியல் இருக்கிறதே, அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த விதைகளுக்குப் பெயரே காயின் எடை, வளர்த்தவர் பெயர், வருடம். அதாவது விதையே ஒரு கணக்குப் புத்தகம்! குளிரையும் வறட்சியையும் தாங்கி விளைந்த காயின் விதை அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகிறது. எந்த விதை, எந்தக் கூடாரம், எந்தத் தேதி சரிப்பட்டது என்ற அனுபவமும் கூடவே போகிறது. லிமிங்டனின் உலக சாதனைக் காய் இதைக் கொலராடோவுக்குக் கற்றுத் தராது. தோற்றாலும் அந்த மண்ணிலேயே வளர்ந்த காய்தான் கற்றுத் தரும்.

ஆகவே, எவ்வளவு எடை என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே வளர்ந்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள். பரங்கிக்காய்க்கு மட்டுமல்ல, மார்க் ஷீட்டுக்கும் இது பொருந்தும் :)