ரிவெட் அடிக்கும் முன் ஒரு கோட்!

வீட்டு கேட்டுக்கு பெயின்ட் அடிக்கும் முன் ரெட் ஆக்சைடு பூசுகிறோம் இல்லையா? அமெரிக்காவில் சிலர் அதே வேலையை விமானத்துக்குச் செய்கிறார்கள், அதுவும் சொந்தக் கார் ஷெட்டில்! ஆரிகன் மாநிலத்து வேன்ஸ் ஏர்கிராஃப்ட் விற்கும் 'ஆர்.வி.' கிட்டை வாங்கி, அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, தாங்களே கட்டிப் பறக்கிறார்கள்.

"அலுமினியம் துருப்பிடிக்காதே?" என்பீர்கள். செந்துரு பிடிக்காது, சரி. ஆனால், உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்து அரித்துவிடும். பலத்துக்காக அதில் செம்பு கலந்திருப்பதுதான் வினை. மேலே மெல்லிய சுத்த அலுமினியப் படலம் காவல் நிற்கும். வெட்டிய விளிம்பிலும் துளையின் ஓரத்திலும் அந்தக் காவல் கிடையாது.

1988-ல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் கூரை நடுவானில் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகள் சேரும் இடத்தில் அரிப்பும் உலோகச் சோர்வும் கூட்டுச் சேர்ந்ததே காரணம். பெரிய கம்பெனிக்கே அந்த கதி!

ரிவெட் அடித்தபின் அந்த இடுக்கில் பிரைமர் போகாது. எனவே முதலிலேயே பிசிறு நீக்கி, தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மெல்லிசாகப் பூச வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலே பிரைமர் சரியாக ஒட்டாது. தாராளமாக அப்பினால் எடை ஏறும்.

பழைய மஞ்சள்-பச்சை ஸிங்க் குரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும் ஷெட்டில் அது வேண்டவே வேண்டாம். குரோமேட் இல்லாத எபாக்ஸி கிடைக்கிறது. அதற்கும் முகமூடி, காற்றோட்டம் கட்டாயம்.

வறண்ட ஊர்க்காரர்கள் பூசாமலும் பறக்கிறார்கள். கடலோரத்தில் நிறுத்துபவர் என்றால், என் ஓட்டு பிரைமருக்கே!