அவர்களும் பெண்களே!

1927 டிசம்பரில் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கோரி மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. அதன் செயலாளராக உழைத்தவர் கண்டியைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா அம்மையார். பிற்காலத்தில் கண்டித் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கிய ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் துணைவியார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சங்கத்தார் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று ஆணையாளர் வினவினர். ஆம், அவர்களும் பெண்களே என்று அம்மையார் தயங்காது விடையிறுத்தார்.

அந்த விடையை நாடு எவ்வாறு போற்றிற்று?

1931ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கோ நிரந்தரக் குடியிருப்பை நிலைநாட்ட வேண்டுமென்ற நிபந்தனை குறுக்கே நின்றது. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. மறு ஆண்டில் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, இலட்சக்கணக்கான மலையகத் தமிழரின் வாக்கு பறிபோயிற்று. மேலும் அச்சட்டம் வம்சாவளியைத் தந்தை வழியாகவே கணக்கிட்டது. கலகாவிலோ புசல்லாவையிலோ பிறந்து வளர்ந்த தாய், தான் முறையாக மணந்து பெற்ற பிள்ளைக்குத் தன் பிரசாவுரிமையை வழங்க இயலாதவளானாள். தமிழர் என்பதால் ஓர் அநீதி. பெண் என்பதால் மற்றோர் அநீதி!

1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்ட ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டவர், உலகின் முதற் பெண் பிரதமரான ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா. அரியணையில் ஒரு பெண் அமர்ந்தமையால் மட்டும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நீதி பிறந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

போராடியே அவள் ஒவ்வொன்றையும் பெற்றாள். 1930களில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டந்தோறும் பாடிச் சென்று தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற பேதம் 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின் பின்னரே ஒழிந்தது. நாடற்றோர் பிரசைகளானதும், தாய்வழிப் பிரசாவுரிமை ஏற்கப்பட்டதும் 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால். நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றம் புகுந்தது 2024ஆம் ஆண்டில்.

இவற்றோடு பணி முடிந்ததா? இல்லை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வேரூன்றியது முதல் அம்மண்ணை வளமாக்கிய மக்களில் மிகப் பலருக்குத் தாம் வாழும் லயத்தின்மீது இன்றும் காணி உறுதி இல்லை. உறுதியற்ற நிலத்தின் அச்சம் எத்தகையதென்பதை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வீடும் காணியும் வழங்கப்படும்போது உறுதியில் மனைவியின் பெயரும் சம உரித்தோடு இடம்பெற வேண்டும். சந்தா செலுத்துவோரில் பெண்கள் நிறைந்த தொழிற்சங்கங்கள் தலைமைப் பதவிகளையும் அவர்களுக்கு அளிக்க வேண்டும். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் தம் நகரத்தைச் சூழ்ந்த தோட்டங்களுக்குச் சென்று, பத்திரங்களைப் பெறவும் முறைப்பாடுகளை எழுதவும் அப்பெண்களுக்குத் துணைநிற்க வேண்டும்.

கண்டிப் பெண்ணொருவர் கணப்பொழுதில் அளித்த விடையை நாட்டின் சட்டம் முழுமையாக ஏற்க ஏறக்குறைய 75 ஆண்டுகள் சென்றன. காணி உறுதிக்கும் அத்தனை காலம் காத்திருக்குமாறு அவர்களிடம் கூற எவருக்கும் உரிமையில்லை.