ஓட்டல் கிரேவி நம் வீட்டிலே

சென்ற இதழில் குளிர்காலக் காய்கறிகளைப் பற்றி எழுதியதைக் கண்ட சகோதரிகள் சிலர், "காய்களைச் சொன்னீர்கள், ஓட்டலில் அவற்றை மிதக்கவிடும் அந்தச் சிவந்த குழம்பைச் சொல்லாமல் விட்டீர்களே" என்று கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்வியே. தலைநகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குப் பன்னீரும் ராஜ்மாவும் அந்நியப் பண்டங்கள் அல்ல. மாதத்தின் முதல் ஞாயிறன்று கரோல்பாக்கிலோ மயூர் விகாரிலோ நால்வர் அமர்ந்து உண்டு எழுந்தால் ரூ. 1,500 கரைந்துவிடுகிறது. பணத்தைப் பற்றி மட்டுமன்று என் கவலை. காரியாலயத்திலிருந்து களைத்து வந்த தாய் சிரத்தையுடன் செய்து வைத்த பன்னீரை, "ஓட்டல் மாதிரி இல்லை" என்று பிள்ளை ஒதுக்கும்போது அவள் முகம் வாடுகிறதே, அதைக் காணச் சகிக்கவில்லை.

ஓட்டல்காரரிடம் ஏதோ இரகசியப் பொடி இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படி ஒன்றும் இல்லை. வடநாட்டு ஓட்டலின் சமையலறையில் காலையிலேயே மூன்று நான்கு பெரிய பாத்திரங்களில் அடிப்படைக் கிரேவிகளைக் காய்ச்சி வைத்துவிடுகின்றனர். வெங்காயமும் தக்காளியும் சிவக்க வதக்கியது ஒன்று. வேகவைத்த வெங்காயத்தையும் முந்திரியையும் அரைத்த வெள்ளைக் கிரேவி ஒன்று. தக்காளியும் வெண்ணெயும் கலந்த மக்கனி ஒன்று. நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியல் பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறக்கிறது. நாம் கேட்டது பத்து நிமிஷத்தில் மேசைக்கு வரும் மர்மமும் இதுதான். மதுரைப் பரோட்டாக் கடையில் சால்னாவைக் காய்ச்சி வைத்துக்கொண்டு வியாபாரம் தொடங்குவதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

நம் வீட்டுக் கிரேவி எங்கே பிழைபடுகிறது? வெங்காயத்தில்தான். நம் தாய்மார் நமக்குக் கற்பித்த பதம், வெங்காயம் கண்ணாடி போல் ஆவது. சாம்பாருக்கும் பொரியலுக்கும் அதுவே உத்தமம். நம் சமையலின் சுவை புளி கொதிப்பதிலும் தாளிப்பதிலும் பிறக்கிறது; பஞ்சாபியர் சமையலின் சுவையோ வெங்காயம் சிவப்பதில் பிறக்கிறது. கண்ணாடிப் பதத்தில் தக்காளியைக் கொட்டிவிட்டால் பின்பு எத்தனை மசாலா இட்டாலும் பச்சை வாடையும் ஒருவித இனிப்பும் நீங்குவதில்லை.

இதற்குத் தக்க காரணம் உண்டு. வெங்காயத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு நீர். நீர் உள்ளவரை திறந்த வாணலியில் வெங்காயத்தின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. சிவப்பும் மணமும் நன்கு உண்டாவதற்கோ ஏறத்தாழ 140 பாகை வேண்டும். ஆகவே நீர் முழுதும் ஆவியாகும்வரை பொறுத்தே ஆகவேண்டும். பிரஷர் குக்கரில் வைத்தால் விரைவில் ஆகாதோ என்பர். குக்கரில் வெங்காயம் குழையும், சிவக்காது. வெள்ளைக் கிரேவிக்கு வேண்டுமானால் அம்முறை உதவும். சிட்டிகை சமையல் சோடா இட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பதும் மெய்யே. ஆனால் கை சற்று மிஞ்சினால் சவர்க்காரச் சுவை தட்டும். நான் அதனைச் சிபாரிசு செய்யமாட்டேன். தக்காளியை முந்தி இடலாகாது என்பதற்கும் இதுவே காரணம்: அதன் நீர் சூட்டைத் தணித்துவிடும், அதன் புளிப்பு வெங்காயத்தை மேலும் குழையவிடாமல் தடுக்கும்.

இனி அளவு. வெங்காயம் 1 கிலோ, ஒரே கனத்தில் மெல்லிதாக அரிந்தது. எண்ணெய் 150 மில்லி. இதில் சிக்கனம் பாராட்டினால் வெங்காயம் வேகுமேயன்றி வறுபடாது. அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, இரண்டு பிரிஞ்சி இலை, சிறு துண்டுப் பட்டை, நான்கு கிராம்பு, நான்கு ஏலக்காய், ஒரு தேக்கரண்டி சீரகம் இட்டு, வெங்காயத்தையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் சேர்க்க வேண்டும். உப்பு நீரை வெளியே இழுக்கும். முதல் பத்து நிமிஷம் தீ பெரிதாக இருக்கலாம். பின்பு தணித்துக்கொண்டு இடைவிடாமல் கிளற வேண்டும். முப்பது முதல் நாற்பது நிமிஷத்தில் வெங்காயம் சுருங்கிச் செம்பொன் நிறம் அடையும். அடி பிடித்தால் ஒரு கை நீர் தெளித்துச் சுரண்டிவிடலாம். ஒட்டியிருப்பதிலும் சுவை உண்டு. கருகவிட்டால் மட்டும் மீட்சி இல்லை.

பின்னர் இஞ்சி, பூண்டு விழுது வகைக்கு 50 கிராம். மூன்று நிமிஷம் வதக்குக. மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, தனியாத்தூள் மூன்று மேசைக்கரண்டி ஆகியவற்றை அரைக் கிண்ணம் நீரில் கரைத்து ஊற்றினால் தூள் தீயாது. அடுத்து அரைத்த தக்காளி 750 கிராம். கால் மணி, இருபது நிமிஷத்தில் எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்கும். நீர் போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஊறவைத்த முந்திரி 25 கிராம் சேர்த்து, ஆறிய பிறகே மிக்ஸியில் அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். ஏறத்தாழ நான்கு கிண்ணம் கிரேவி தேறும்.

வெங்காயத்தைப் பற்றி, பார்சல் ஆபீஸில் மூட்டைகளோடு பழகியவன் என்ற முறையில் ஒரு சொல். 2020 ஆகஸ்டு 7 அன்று முதல் கிசான் ரயில் புறப்பட்டது நாசிக் மாவட்டத்துத் தேவ்லாலியிலிருந்துதான்; வெங்காயத்துக்குப் பெயர்போன சீமை அது. அங்கே கோடையில் எடுக்கப்படும் ராபி வெங்காயம் உலர்ந்தது, மாதக்கணக்கில் கெடாது, விரைவில் சிவக்கும். மழைக்குப் பின் வரும் கரீப் வெங்காயத்தில் ஈரம் அதிகம். இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாகக் கிளற நேரும். பழைய இருப்பு தீரும் புரட்டாசி, ஐப்பசியில் விலை ஏறுவது வழக்கமாதலால், அதற்கு முன்பே ஒரு முறைக்கு இரு முறையாகக் காய்ச்சி வைப்பது புத்திசாலித்தனம்.

நிற்க. மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. இதை வேலை நாளில் ஒரு பெண்மணி தலையில் சுமத்துவது அநீதி. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஞாயிறன்று காய்ச்சினால் போதும். காய்ச்சுவதும் ஆடவர் பொறுப்பாகட்டும். கோப்புகளைப் புரட்டும் கைக்குக் கரண்டி பாரமாகிவிடாது. நான் வாரப் பத்திரிகையை அடுக்களைக்கே எடுத்துப்போய்ப் படித்துக்கொண்டு கிளறுகிறேன்.

ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், ஒரு கிண்ணம் கொள்ளும் சிறு டப்பாக்களில் பிரித்து வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை சுவை குன்றாது. எடுத்து உருக்கியதை மீண்டும் உறையவைக்கலாகாது.

நால்வருக்கு ஒரு டப்பா. அதை வாணலியில் சுடவைத்து, ஒரு கிண்ணம் வெந்நீர் விட்டுக் கொதிக்கும்போது 200 கிராம் பன்னீரோ, வேகவைத்த கொண்டைக்கடலையோ, முட்டையோ சேர்க்கலாம். இறுதியில் சிறிது வெண்ணெயும், உள்ளங்கையில் கசக்கிய கசூரி மேத்தியும். பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் எல்லாக் காய்க்கும் இதையே ஊற்றத் தொடங்கினால், ஓட்டலைப் போலவே எல்லாம் ஒரே ருசியாகிவிடும். கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் நம் பழைய வழியே மேல்.

இவ்வாறெல்லாம் பழக்கினால் பிள்ளைகள் வத்தக்குழம்பை மறந்துவிடுவார்களே என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் வருந்தினார். வாரம் ஒரு நாள் பன்னீர் உண்பதால் வத்தக்குழம்பு மறக்காது, ஐயா. வீட்டில் அதைச் செய்ய நேரமில்லாது போனால்தான் மறக்கும்.

வெங்காயம், பூண்டு சேர்க்காத இல்லங்களும், புரட்டாசிச் சனிக்கிழமை காப்பவர்களும் மக்கனி முறையைக் கைக்கொள்ளலாம். பழுத்த தக்காளி 1 கிலோ, முந்திரி 50 கிராம், இஞ்சி ஒரு துண்டு, காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, இரண்டு ஏலக்காய், சிறிது நீர். யாவும் ஒன்றாக இருபது நிமிஷம் கொதித்து ஆறியதும் அரைத்து வடிகட்டி, வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் வேண்டிய உப்பும் இட்டு மீண்டும் பத்து நிமிஷம் சிறுதீயில் வைத்தால் போதும். இதைக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை.