சாக்ஷியும் சத்தியமும்

லாரி மோதிக் கால் ஒடிந்த ஒரு கூலித் தொழிலாளி நஷ்டஈடு கேட்டு நியாயஸ்தலத்திற்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் யாருடையது என்பதைக் கண்ணால் கண்டவன்தானே சொல்ல வேண்டும்? ஆனால், கண்டது என்ன என்று கேட்பதற்கு முன், கண்டவன் எந்த ஜாதி, எந்தக் கடவுளை நம்புகிறவன் என்று கேட்ட காலமும் உண்டு.

மனுதர்ம சாஸ்திரத்தின் 8-வது அத்தியாயத்தைப் பார்ப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். பெண்களுக்குப் பெண்களும், சூத்திரர்களுக்குச் சூத்திரர்களுமே சாக்ஷியாக வேண்டுமாம். பிராமணன் தன் சத்தியத்தின்மீது ஆணையிட்டால் போதுமாம். சூத்திரனோ சகல பாவங்களின்மீதும் ஆணையிட வேண்டுமாம். கண் எல்லோருக்கும் ஒன்றுபோலிருக்க, வாய்க்கு மட்டும் வருணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம்.

வெள்ளைக்காரர்களும் இதில் இளைத்தவர்களல்லர். இங்கிலாந்தின் பெரிய நியாயஸ்தலங்களில் 1851-ம் வருஷம் வரை, காயம்பட்ட வாதியே தன் வழக்கில் சாக்ஷி சொல்ல முடியாது. லாபத்தை உத்தேசித்துப் பொய் சொல்லுவானாம். 1869-ம் வருஷச் சட்டம் வரும் வரை நாஸ்திகனுக்கும் சாக்ஷிக் கூண்டில் இடமில்லை. நரக பயமில்லாதவன் உண்மை பேசமாட்டானாம்! நரகத்திற்குப் பயந்தவர்கள் பொய் சொன்னதே இல்லையா?

நிற்க. நம் நாட்டில் 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டம் ஜாதியையும் மதத்தையும் கேட்கவில்லை. கேள்வியை அறிந்து பகுத்தறிவோடு பதில் சொல்லக்கூடிய எவரும் சாக்ஷி சொல்லலாம். இத்தனை சாக்ஷிகள் வேண்டுமென்ற கணக்குமில்லை. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டத்திலும் இதுவே விதி. 1969-ம் வருஷப் பிரமாணச் சட்டப்படி, கடவுள்மீது ஆணையிட விரும்பாதவர் உறுதிமொழி மட்டும் சொல்லலாம். பிரமாணத்தின் பொருளறியாத, 12 வயதுக்குட்பட்ட குழந்தை உண்மை பேச வேண்டுமென்பதை அறிந்திருந்தால், பிரமாணமின்றியே சாக்ஷி சொல்லலாம். பிரமாணம் விட்டுப்போனாலும் சாக்ஷியம் கெடுவதில்லை. அப்படியானால் உண்மையை வெளியே கொண்டுவருவது எது? குறுக்கு விசாரணையும், பொய்ச் சாக்ஷிக்கு 7 வருஷம் வரை சிறை என்கிற பயமுமே அல்லாமல் கடவுள் பயமல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக ஆகவில்லையா?

மேலும், நஷ்டஈட்டு வழக்கில் கொலை வழக்கைப்போல் சந்தேகத்திற்கே இடமில்லாத ருஜு வேண்டியதில்லை. எந்தப் பக்கம் நடந்திருக்கக்கூடும் என்று அதிகமாகத் தோன்றுகிறதோ அந்தப் பக்கமே தீர்ப்பு. ஆகவே, யோக்கியமான ஒரே சாக்ஷி ஒரு குடும்பத்தின் கஞ்சிக்கு வழி செய்துவிட முடியும்.

ஆனால் நடப்பதென்ன? கண்டவன், "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குகிறான். ஒருநாள் கூலி போகுமென்பது ஒரு பயம். லாரி முதலாளியின் கோபம் மற்றொரு பயம். சாக்ஷிக்கு வழிச் செலவையும் படியையும், அழைக்கும் கட்சிக்காரரே முன்பணமாகக் கட்டவேண்டுமென்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் விதியிருப்பது எத்தனை ஏழைகளுக்குத் தெரியும்? "பெரிய மனுஷர் பொய் சொல்லுவாரா" என்னும் பேச்சு மனுவின் வாசனையல்லாமல் வேறென்ன?

தோழர்களே! சட்டம் ஜாதியை விட்டுவிட்டது. நம் மனம்தான் இன்னும் விடவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லவும், காணாததைக் காணவில்லை என்று சொல்லவும் கடவுளும் வேண்டாம், குலமும் வேண்டாம். மானமும் அறிவும் இருந்தால் போதும்.